ரண சிகிச்சையும் புத்தித் தெளிவும்



எமது குடும்பத்து மூதாட்டியார் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியப் பெற்றார். ரண சிகிச்சை அவசியமென வைத்தியர் கூறியும் அவர் இணங்கினாரில்லை. "என் அண்ணனுக்கு ஆபரேஷனுக்குப் பின் புத்தி கலங்கிற்று. எங்கள் ரத்தம் அப்படி, என்னை விட்டுவிடுங்கள்" என்பதே அவர் மொழி. இவ்வாறே இரண்டு நாட்கள் கழிந்தன. இடுப்பெலும்பு முறிந்து படுத்த முதியோர்க்கு ஒவ்வொரு நாளும் ஆபத்தே. இச்சொல் பல இல்லங்களிலும் வழங்குவதால், இதில் உண்மை எவ்வளவு உண்டென்று பேச விழைகின்றோம்.

அச்சம் முழுதும் வீணானதன்று. 1998-ம் வருஷத்தில் பல தேசத்து வைத்தியர்கள், இருதயம் நீங்கலான பெரிய ரண சிகிச்சை பெற்ற, 60 வயதும் அதற்கு மேலுமான 1,218 பேரைச் சோதித்தறிந்ததை வெளியிட்டனர். ஒரு வாரத்தில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கு ஞாபகமும் கவனமும் குன்றியிருந்தன. மூன்று மாதங்களில் அது பதின்மரில் ஒருவராகச் சுருங்கிற்று.

இனி ரத்தத்தின் பேச்சுக்கு வருவோம். 'அபோ-ஈ' என்றொரு மரபணு உண்டு. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக அதை யாவரும் பெறுகின்றோம். அதன் மூன்று வகைகளுள் நான்காம் எண்ணிட்ட வகை, முதுமையில் வரும் அல்ஸைமர் என்னும் மறதி நோய்க்கு ஏதுவாகுமென 1993-ல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார் கண்டனர். அதுவே ரண சிகிச்சைக்குப் பின் வரும் மந்தத்திற்கும் காரணமோ என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. 1997-ல், இருதய சிகிச்சை பெற்ற 65 பேரைக் கொண்டு, ஆம் என்றனர். 65 பேர் சிறு தொகையன்றோ! 2004-ல் 976 பேரை ஆராய்ந்தபோது அச்சம்பந்தம் காணப்படவில்லை. சம்பந்தம் பேசுமிடத்து ஜாதகத்தோடு இம்மரபணுச் சீட்டையும் கேட்கும் காலம் வந்துவிடுமோவென்று எமக்குச் சிறிது கவலையுண்டு. அதற்கு ஆதாரம் போதாதென்பதை இப்போதே சொல்லி வைக்கின்றோம்.

பின் எதுதான் காரணம்? முன்கூறிய 1998-ம் வருஷத்து ஆராய்ச்சியில், முதல் வாரத்து மந்தத்தோடு வயது, குறைந்த கல்வி, நெடுநேர மயக்கம், மறு சிகிச்சை, தொற்று ஆகியன சேர்ந்து நின்றன. மூன்று மாதம் நீடித்ததற்கோ வயது ஒன்றே புலப்பட்டது.

சிகிச்சையை அடுத்த சில நாட்களில் காணும் பிதற்றல் வேறு. அதைப் பெரும்பாலும் தணிக்கலாம். பல வேளை வராமலும் தடுக்கலாம். மூக்குக் கண்ணாடியையும் செவிக் கருவியையும் நோயாளியிடம் உடனே கொடுங்கள். நாளும் பொழுதும் எடுத்துச் சொல்லுங்கள். இரவில் உறங்க விடுங்கள். வைத்தியர் அனுமதித்தவுடன் நடக்கச் செய்யுங்கள். தூக்க மாத்திரையோ மதுப் பழக்கமோ முன்னமே மறதியோ இருப்பின் வைத்தியரிடம் ஒளியாதீர்கள். இவ்விடத்தில் மானம் பார்ப்போர் பலர்!

மூன்றாம் நாள் மூதாட்டியார் இணங்கினார். சிகிச்சைக்கு மறுநாள் இரவு தம் மகளைத் தாயென்று அழைத்தார், யாமும் கலங்கினோம். நான்கு தினங்களில் தெளிந்தது. வீடு வந்த முதல் வாரத்திலேயே பால் கணக்கில் யாம் செய்த பிழையை அவரே திருத்தினார்.