விண்ணப்பத்தில் எழுதும் பெயர்

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மேடையில் மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசும்படி எங்கள் கல்விக் குழுவைப் பணித்தார்கள். மருத்துவக் கல்லூரியில் இடம் பிடிப்பது எப்படி என்று பேசினால் எல்லோருக்கும் பயனாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் கேட்ட கேள்வி எங்களை விடவில்லை.

அவருடைய மகள் பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். உதவிக்கு நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பெயர் எழுதும் இடம் வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பேரைக் கொஞ்சம் சுருக்கிப் போடலாமா? பேரைப் பார்த்தே ஒதுக்கிடுவாங்கன்னு சொல்றாங்களே." மகள் நிமிர்ந்து பார்த்து, "ஏன் வாப்பா?" என்றாள். அவ்வளவுதான். கடவுச்சீட்டில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்று விதியைச் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொண்டோம். விதி சரிதான், ஆனால் அது அவருக்கு உரிய பதில் அல்ல. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தகப்பனாரின் அச்சம் வெறும் கற்பனை அல்ல.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,500 விண்ணப்பங்கள் வரும். அவற்றைப் படித்து நேர்முகத் தேர்வுக்கு ஆட்களைப் பொறுக்கும் வேலையைக் குறைக்க, 1979-இல் ஒரு கணினி நிரல் எழுதத் தொடங்கினார்கள். 1982 முதல் எல்லா விண்ணப்பங்களையும் அதுவே சலித்தது. பேராசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் கணினி தேர்ந்தெடுக்கும் முறைக்கும் 90 முதல் 95 விழுக்காடு வரை ஒத்துப்போயிற்று என்று பெருமையாகச் சொன்னார்கள்.

அந்த ஒற்றுமையில்தான் சிக்கல் இருந்தது. விண்ணப்பத்தில் இனத்தைக் கேட்கவில்லை. ஆனால் பெயரையும் பிறந்த இடத்தையும் கொண்டு ஒருவர் வெள்ளையரா இல்லையா என்று நிரல் முடிவு செய்தது. ஐரோப்பியப் பெயர் இல்லாதவருக்கு 15 புள்ளிகள் வரை குறைந்தன. பெண்ணாக இருந்தால் அதற்கும் புள்ளி குறைந்தது. ஆண்டுக்கு 60 பேர் வரை இப்படி நேர்முகத் தேர்வு வாய்ப்பையே இழந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். கணினிக்கு நிறவெறி ஏது? முன்பு பேராசிரியர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ அதைத்தான் அது கற்றுக்கொண்டு திருப்பிச் செய்தது.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் அங்கே பணியாற்றிய இரு மருத்துவர்கள். ஒருவர் ஜோ காலியர், மற்றவர் ஜமைக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஆக்ரி பர்க். அவர்கள் புகாரால் இனச் சமத்துவ ஆணையம் விசாரித்து, 1988-இல் கல்லூரி சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. ஒதுக்கப்பட்டவர்களைக் கல்லூரி தேடிப்பிடித்து, குறைந்தது மூவருக்கு இடம் கொடுத்தது. மற்றவர்களுடைய வாழ்க்கை வேறு வழியில் போய்விட்டது.

சில ஆண்டுகள் கழித்து, அனீஸ் இஸ்மாயில் என்ற மருத்துவரும் சாம் எவரிங்டன் என்ற மருத்துவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தயாரித்து, சிலவற்றில் ஆங்கிலப் பெயரும் சிலவற்றில் ஆசியப் பெயரும் போட்டு மருத்துவமனை வேலைகளுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலப் பெயருக்கு இரு மடங்கு அழைப்பு வந்தது. இடையில் மோசடி என்று சொல்லிக் காவல்துறை அவர்களையே கைது செய்தது; பிறகு வழக்கு நடக்கவில்லை. 1993-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். இஸ்மாயில் பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தம் பெயரைச் சுருக்கிக்கொண்டு அல்ல.

இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? கல்லூரிக்குள் என்ன கற்றுத் தருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இதில் நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, நம் வீட்டு நோயாளிகளும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

மருத்துவப் பாடநூல்களில் அம்மையின் சிவப்புத் தடிப்பு, உதட்டில் நீலம் பூப்பது, குழந்தையின் மேனி வெளிறுவது எல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலில்தான் காட்டப்பட்டன. அதே செயின்ட் ஜார்ஜ் கல்லூரிக்கு மலோன் முக்வென்டே என்ற கறுப்பின மாணவர் வந்தார். "இது என்னைப் போன்றவர் தோலில் எப்படித் தெரியும்?" என்று வகுப்பில் கேட்டார். பதில் பாடநூலில் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்கும்போதே இரு ஆசிரியர்களுடன் சேர்ந்து அவர் ஒரு கையேடு தயாரித்தார். கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்பதைப் படங்களோடு விளக்கும் அந்தக் கையேடு 2020-இல் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளிவந்தது. ஒரு காலத்தில் பெயரைப் பார்த்து ஆளை ஒதுக்கிய கல்லூரியில், முப்பது ஆண்டுக்குப் பின் ஒரு மாணவர் கேட்ட கேள்வி பாடத்தையே திருத்தியது.

நம் பாட்டிமார் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலையா என்று பார்க்க, வெயிலில் பிடித்துக் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்ப்பார்கள். நம் தோலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தோலைக் கண்ணால் பார்ப்பது ஒருபுறம். கருவி பார்ப்பது மறுபுறம். கொவிட் காலத்தில், 2021-இல், தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆக்சிமீட்டர் இலவசமாகக் கொடுத்தது. நம்மில் பலர் வீட்டில் அது இன்னும் இழுப்பறையில் கிடக்கும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் உயிர்வாயு எவ்வளவு என்று எண்ணைக் காட்டும். நல்ல கருவி, பல உயிர்களுக்குத் துணை நின்ற கருவி. ஆனால் அது ஒளியை விரலுக்குள் செலுத்தி அளக்கிறது. தோலின் கருநிறமி அந்த ஒளியில் குறுக்கிடும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. வெள்ளையரில் 3.6 விழுக்காட்டினருக்கும் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டினருக்கும் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது. கருவி நலம் என்று சொன்னது. உடல் மூச்சுக்குத் தவித்தது.

நம்மில் கருமையான தோல் உள்ளவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது செய்தி சிறுநீரகத்தைப் பற்றியது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற பொருளை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டுச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவார்கள். அமெரிக்காவில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் அந்த எண்ணைச் சூத்திரத்தைப் பொறுத்து 16 முதல் 21 விழுக்காடு வரை கூட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. கூட்டினால் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் பதிவது தள்ளிப்போகும். தாய் ஓர் இனம், தந்தை ஓர் இனம் என்றால் எந்த எண்ணைப் போடுவது என்று மருத்துவ மாணவர்களே கேட்கத் தொடங்கினார்கள். பல கல்லூரிகளில் அவர்கள் விடாமல் கேட்டதால் 2021-இல் இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல் பழைய காத்திருப்புக் காலத்தையும் திருத்தினார்கள். 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்பு ஆண்டுகள் கூட்டி எழுதப்பட்டன. மாணவர் கேட்ட கேள்வி நோயாளியின் ஆயுளில் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரின் மருத்துவக் கல்லூரிக்கும் இப்படியொரு தொடக்கம் உண்டு. 1904-இல் டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர்ப் பிரமுகர்கள் கோரிக்கை வைத்து, சமூகத்தார் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்து, 1905-இல் 23 மாணவர்களோடு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அதில் தேறிய ஆசியர்கள் அரசு மருத்துவமனைகளில் ஐரோப்பிய மருத்துவர்களுக்குக் கீழே, உதவியாளர் பதவிகளில்தான் நீண்ட காலம் இருந்தார்கள். படிப்பு இருந்தது, பதவிக்குத் தோல் குறுக்கே நின்றது.

இப்போது ஓர் எதிர்வாதத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும், இனத்தைப் பற்றிப் பேசுவதே பிரிவினை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதற்குத் தடை விதித்தது. தகுதி வேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. அறுவை சிகிச்சை மேசையில் படுக்கும் எவரும் திறமையான மருத்துவரைத்தான் கேட்பார். ஆனால் செயின்ட் ஜார்ஜில் ஒதுக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது தகுதி அல்ல, பெயருக்கான புள்ளி. தகுதியை மறைக்கும் திரையை விலக்குவது தகுதிக்குச் செய்யும் தொண்டுதான்.

இன்னொன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரச் சொற்பொழிவு வைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டால் யாரும் மாறிவிடுவதில்லை. இதுவரை நாங்கள் சொன்னவற்றில் பலன் தந்தவை எவை என்று பாருங்கள். தேர்வு முறையைத் திறந்து சோதித்தார்கள். பாடநூலின் படத்தை மாற்றினார்கள். சூத்திரத்தைத் திருத்தினார்கள். நல்லவராக இருங்கள் என்று உபதேசம் செய்தால் மட்டும் போதாது. நல்லவரையும் தவறு செய்ய வைத்த புத்தகத்தையும் கருவியையும் படிவத்தையும் திருத்த வேண்டும்.

கடைசியாக, நம்மையும் பார்த்துக்கொள்வோம். பெண் பார்க்கப் போன வீட்டில் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று நாம் சொல்லிக்கொள்வதில்லையா? அந்த "இருந்தாலும்" எங்கிருந்து வந்தது? எங்களில் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த படுக்கையில் ஒரு வெளிநாட்டு ஊழியர். வயிற்று வலியைத் தம் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தார். "வேலைக்கு மட்டம் போடப் பார்க்கிறான்" என்று சொன்னவர் நம்மவர்தான். தமிழ் மட்டும் தெரிந்த நம் தாய்மார் வலியைச் சொல்லும்போது தாதி பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதே பொறுமையை நம் வீட்டிலிருந்து போகும் மருத்துவரும் அந்த ஊழியரிடம் காட்ட வேண்டும்.

அந்தத் தகப்பனார் இன்று இந்த அவையில் இருக்கிறார். அவருக்கு எங்கள் பதில் இதுதான். உங்கள் மகளின் பெயரை முழுமையாக எழுதுங்கள். பெயரைப் பார்த்து ஒதுக்கியது உண்டு. அதைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் உண்டு. திருத்தியவர்கள் பெயரை மறைத்தவர்கள் அல்லர். நிராகரித்தால் காரணம் கேட்கும் துணிவை அவளுக்குக் கொடுங்கள்; தேவைப்பட்டால் உடன் வந்து கேட்க நாங்கள் இருக்கிறோம். ஐம்பது ஆண்டுக்கு முன் சங்கம் அமைத்ததே இதற்காகத்தான்.

மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தும்போது, "இது என் உம்மாவின் தோலில் எப்படித் தெரியும்?" என்று கையை உயர்த்திக் கேள். நீ மருத்துவராகி நோயாளியின் பெயரைக் கூப்பிடும் நாள் வரும். அந்தப் பெயர் எந்த மொழிப் பெயராக இருந்தாலும் சுருக்காமல், சரியாக உச்சரித்துக் கூப்பிடு.