மூங்கில் சைக்கிள்: பார்க்க வேண்டியது மூட்டு

மூங்கில் சைக்கிளில் பிரேம் மட்டும்தான் மூங்கில். சக்கரம், செயின், பிரேக் எல்லாம் வழக்கமானவையே. இது நேற்று வந்த புதுமையும் அல்ல. 1890களிலேயே இங்கிலாந்தில் மூங்கில் சைக்கிள் இருந்தது. இன்று இதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று ஆப்பிரிக்காவின் கானா.

முற்றிய மூங்கிலை வெட்டி, பூச்சி அரிக்காதபடி பதப்படுத்தி, பொறுமையாக உலர்த்துகிறார்கள். மூங்கிலுக்கு வெல்டிங் கிடையாது. ஆணி அடித்தால் பிளந்துவிடும். அதனால் துண்டுகள் சேரும் இடத்தில், எபாக்சி பசையில் நனைத்த நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள். முறிந்த கைக்கு மாவுக்கட்டு போடுவதைப் போலத்தான். இறுகியதும் தேய்த்து, வார்னிஷ் பூசுகிறார்கள்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூட்டைத்தான். மூங்கில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மூட்டு விட்டால் சைக்கிள் இல்லை. கட்டில் இடைவெளியோ, கீறலோ இருக்கக் கூடாது. அடுத்து, மூங்கிலில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக உலராத மூங்கில், பின்னால் காயும்போது வெடிக்கும்.

மழையில் ஓட்டலாம். மழையிலேயே நிறுத்திவைக்கக் கூடாது. வார்னிஷ் உரிந்த இடத்தில் ஈரம் இறங்கும்; உடனே பூசிவிட வேண்டும்.

மேடுபள்ளத்தின் அதிர்வை மூங்கில் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. அது உண்மையான லாபம். எடை குறைவு என்று எண்ணி வாங்குவதுதான் வீண். அலுமினியத்தில் இதைவிட இலேசானவை உண்டு. விலையும் கூடுதல்தான், முழுக்கக் கைவேலை அல்லவா? மூட்டு விட்டால் சரிசெய்து தருவது யார் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.