சரிவில் புல் வெட்ட எந்தக் கருவி?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம், சாமைக் கொல்லைகள் பல சரிவில்தான் இருக்கின்றன. அங்கே பெரிய நிலமும் டிராக்டரும் உள்ளவர் புல் வெட்ட எதை வாங்குவது?

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுழன்று கருவியை இயக்குகிறது. அதில் மாட்டும் ஸ்லாஷர் என்ற சுழல்கத்திக் கருவி முட்புதரையும் நொறுக்கும். ஆனால் கல்லைத் தெறிக்கவிடும், புல்லும் சிதைந்துபோகும். மாட்டுத் தீவனத்துக்கு, தாளை அடியோடு சீராக அறுக்கும் கத்திப்பட்டைக் கருவியே நல்லது.

ஸ்லாஷரின் அகலம் பின்சக்கரங்களின் வெளி அகலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாது.

சரிவுதான் பெரிய ஆபத்து. குறுக்கே ஓட்டினால் டிராக்டர் கவிழக்கூடும். செங்குத்தான இடத்துக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரே சரி.

வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. வாங்கும் முன் அங்கே விசாரியுங்கள்.