சார்லி இருந்த ஆசனம்

கடலோரமாக ஒரு வாகனத்திலே புறப்பட்டுப் போதல், பொழுதுபட்ட இடத்திலே கூடாரமடித்துத் தங்குதல், விடிந்ததும் பலகையை எடுத்துக்கொண்டு அலையிலே சறுக்கி விளையாடுதல், துணைக்கு ஒரு நாய். வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படியொரு பயணம் போய்வரவேண்டும் என்ற ஆசை மேலைநாட்டவர் பலரிடம் உண்டு. கலிபோர்ணியாவின் முதலாம் இலக்கக் கடலோரப் பெருந்தெருவிலே, கூரையில் அலைப்பலகை கட்டிய வாகனங்களின் யன்னல் வழியே நாய்கள் தலைநீட்டிக்கொண்டு போவது சாதாரண காட்சி. அந்த மாநிலத்தின் கடற்கரைகள் பலவற்றில் நாய்கள் மணலிலே கால்வைக்கக் கூடாதென்ற சட்டமும் இருக்கிறது. ஹண்டிங்டன் பீச் என்ற நகரிலே நாய்களையே பலகையில் ஏற்றி அலையில் விடும் போட்டியும் நடக்கிறது. அது அவர்கள் பாடு.

இந்த ஆசைக்கு இலக்கிய வடிவம் கொடுத்த நூல்களுள் முதன்மையானது ஜோன் ஸ்ரைன்பெக் 1962இல் வெளியிட்ட 'சார்லியுடன் பயணங்கள்' எனலாம். அவ்வாண்டின் இறுதியில் நோபல் பரிசு பெற்ற அதே ஸ்ரைன்பெக்தான். அலைச்சறுக்கல் அந்நூலில் இல்லை. நெடுஞ்சாலை, வண்டிக்குள் உறக்கம், பக்கத்தில் ஒரு நாய் ஆகிய மற்றவை எல்லாம் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், தமது 58ஆவது வயதில், தாம் பிறந்த நாட்டைத் தாமே மறந்துபோனதாக உணர்ந்து அவர் புறப்பட்டார். சிறு லொறியொன்றின் பின்புறத்தில் படுக்கையும் அடுப்பும் கொண்ட ஓர் அறையைப் பொருத்தி, அதற்கு டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரை இட்டார். பக்கத்து ஆசனத்திலே சார்லி. பிரான்ஸ் தேசத்திலே பிறந்த, வயதேறிய, பெரிய 'பூடில்' இன நாய். ஏறத்தாழ 10,000 மைல், பதினொரு கிழமைகள்.

நாயின் பயன் என்ன? அந்நியரோடு பேச்சைத் தொடக்கிவைப்பது என்கிறார் ஸ்ரைன்பெக். வழிப்போக்கன் ஒருவனை ஐயத்தோடு பார்ப்பவர்கூட நாயைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து அரைமணி நேர உரையாடல் பிறக்கும். நூலிலே நகைச்சுவைக்கும் அதுவே ஊற்று. உலகின் மிக உயர்ந்த மர இனமான செம்மரங்களை ஓரிகனின் தென்பகுதியிலே காண்கிறார்கள். நாயினத்துக்கே பெருமை தரக்கூடிய அந்த மாபெரும் அடிமரத்தின் முன்னே சார்லியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மரம் என்றே அதற்குத் தெரியவில்லையாம். அந்தச் செம்மரத்துக்கும் அலைச்சறுக்கலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1885இல் சான்ரா குறூஸ் நகரின் ஆற்றுமுகத்திலே, கலிபோர்ணியாவில் கல்விகற்க வந்திருந்த ஹவாய் இளவரசர் மூவர் செம்மரத்தில் பலகை செய்து அலையேறினர். அமெரிக்கப் பெருநிலத்தில் இவ்விளையாட்டுப் பற்றிக் கிடைக்கும் முதற்பதிவு அதுவே.

சான்ரா குறூசுக்கு அண்மையிலுள்ள சலினாஸ் ஸ்ரைன்பெக்கின் பிறந்த ஊர். அதனால் மேற்குக் கரையோரம் பற்றிய பகுதியே நூலின் உருக்கமான பகுதி. மொன்றரேயில் பழைய நண்பர்களைக் காண்கிறார். இறந்துபோனவர்களின் பெயர்களை எண்ணுகிறார். மலைமுகடொன்றிலே சார்லியோடு நின்று தம் இளமையின் பள்ளத்தாக்கைக் கடைசி முறையாகப் பார்த்துவிட்டு இறங்குகிறார். தனிமனிதன் ஒருவனும் நாயும். வேறு எவரும் இல்லை.

இங்கேதான் சிக்கல். 2010இல் பில் ஸ்ரைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியிலே பயணஞ்செய்து, நூலின் கையெழுத்துப் படியையும் ஒப்புநோக்கினார். பல இரவுகள் கழிந்தது விடுதிகளில். உரையாடல்கள் பல மேசையிலே புனையப்பட்டவையாகவே தோன்றுகின்றன என்றார். மேற்குக் கரையோரத்திலே மனைவி எலெயின் அவரோடு கூடவே இருந்திருக்கிறார். கையெழுத்துப் படியிலிருந்த எலெயின் அச்சு நூலில் அந்தக் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டுவிட்டார். 2012இல் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, இந்நூலை வரிக்கு வரி மெய்யென்று கொள்ளற்க என எச்சரிக்கிறது.

புனைவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நாவலாசிரியன் கேட்ட பேச்சைக் கேட்டபடியே எழுதுவான் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. மனைவியை நீக்கியதுதான் என் மனதை உறுத்துகிறது. ஏனெனில் இது முதல் தடவையன்று. 1940இல் ஸ்ரைன்பெக் தம் நண்பர் எட் றிக்கற்சுடன் கலிபோர்ணிய வளைகுடாவுக்குக் கடற்பயணம் போனார். அப்போதைய மனைவி கரோலும் அதே படகில் இருந்தார். அப்பயணக் கதையைப் படிப்பவர் அப்படியொரு பெண் படகில் இருந்ததையே அறியமாட்டார். இரண்டு பயணங்கள், இரண்டு மனைவியர், இரண்டு நூல்களிலும் ஒரே அழிப்பு! ஆண்மகனின் தனிப்பயணம் என்ற சித்திரத்திலே நாய்க்கு இடம் உண்டு. உடன் வந்த பெண்ணுக்கு இல்லை. நாய் தன் பக்கக் கதையை எழுதாது என்ற வசதி ஒருபுறம் இருக்கட்டும்.

நாயோடு போன இன்னொரு பயணம் நமக்குப் பழக்கமானது. மகாபாரதத்தின் முடிவிலே தருமர் நாயோடு தனித்து நடக்கிறார். ஆனால் அவர் எப்படித் தனியரானார் என்பதைக் கவி மறைக்கவில்லை. முதலில் பாஞ்சாலி வீழ்கிறாள். பின்னர் தம்பியர் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். அந்த வீழ்ச்சிகளை எல்லாம் நாம் கண்டபின்னரே நாய் ஒன்று மட்டும் எஞ்சுகிறது.

ஸ்ரைன்பெக்கை அவ்வளவில் ஒதுக்கிவிடலாமா? கூடாது. நூலின் இறுதிப் பகுதி அதற்குத் தடையாக நிற்கிறது. 1960 நவம்பர் 14ஆம் திகதி, நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, வெள்ளையர் மட்டும் படித்த பாடசாலையொன்றுக்கு றூபி பிறிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி அரச காவலருடன் சென்றாள். வாசலிலே நாள்தோறும் கூடிய பெண்கள் சிலர் அவளை ஏசினர். சில வாரங்களின்பின் ஸ்ரைன்பெக் அதை நேரிற் காணப் போனார். வண்டியையும் சார்லியையும் தரிப்பிடமொன்றில் விட்டுச் செல்கிறார். அங்கிருந்தவன் ஆசனத்தில் இருந்த கரிய உருவத்தைக் கண்டு, கறுப்பன் ஒருவனைத்தான் கூட்டிவந்தீரோ என நினைத்தேன் என்று சிரிக்கிறான். அப்பகுதியிலே அதே பகிடியை இழிசொல்லோடு வேறு பலரும் சொல்கின்றனர். நாடு முழுவதும் பேச்சைத் தொடக்கிவைத்த நாய் இங்கும் தொடக்கிவைக்கிறது. வந்த பேச்சு எத்தகையது என்பதே வேறுபாடு.

அடுத்து, வீதியோரம் நடந்துபோன கறுப்பின முதியவர் ஒருவரை வண்டியில் ஏற்றுகிறார். சார்லி சுகமாகப் பயணஞ்செய்த அந்த வண்டியில் அம்மனிதர் கதவோரமாக ஒடுங்கி அமர்கிறார். கேள்விகளுக்கு அளந்து பதில் சொல்லிவிட்டு, இறக்கிவிடும்படி கேட்டு, மீண்டும் நடக்கிறார். இம்முதியவரும் புனைவோ என ஐயுறலாம். அச்சம் புனைவன்று. எந்த ஊரில் எந்த விடுதி தம்மை ஏற்கும் என்று கறுப்பினச் சாரதிகள் அறிவதற்கென்றே விக்ரர் கிறீன் என்ற தபாற்காரர் 1936 முதல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டு வந்தார். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி உறங்குவது அவர்களுக்கு வாய்த்ததொன்றல்ல.

கடற்கரையும் அப்படியே. லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே மன்ஹற்றன் பீச் என்ற இடத்தில் சார்ள்ஸ் புறூஸ், வில்லா புறூஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் 1912இல் நிலம் வாங்கித் தம்மவர் கடலாட ஒரு விடுதி அமைத்தனர். 1924இல் நகரசபை பூங்கா அமைக்கப்போவதாகக் கூறி அந்நிலத்தைச் சுவீகரிக்க முற்பட்டது, நிலம் பறிபோயிற்று. அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது மீண்டது 2022இல். கண்முன்னே கடல் கிடக்க அதை அணுகவொண்ணாதிருந்த ஆண்டுகளை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

நிக் கபல்டொன் என்ற இளைஞரைப் பற்றியும் சொல்லவேண்டும். கறுப்பினக் குருதியும் மெக்சிக்கக் குருதியும் கொண்டவர். கடற்படையில் பணியாற்றிவிட்டுக் கல்லூரியில் பயின்றவர். சான்ரா மொனிக்காவில் கறுப்பினத்தவர் கூடிய சிறு கடற்கரைத் துண்டிலே அலையேறப் பழகினார். நல்ல அலைகள் இருந்ததோ மாலிபுவில். பன்னிரண்டு மைல் தூரத்தைப் பலகைமேற் குப்புறக் கிடந்து கைகளாலேயே துழாவிக் கடந்து, அங்கே அலையேறினார். 1951 யூன் மாதம், பேரலையொன்றில் வந்தபோது மாலிபு இறங்குதுறையின் தூணிலே மோதி இறந்தார். வயது 24. கடலில் மாண்டவர்களைப் பற்றி அவர் எழுதிய கவிதையொன்று எஞ்சியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளின்பின் ஸ்ரைன்பெக்கின் வண்டி அந்த மாநிலத்துக்குள் வந்தது. மொன்றரேயிலிருந்து அது உள்நாட்டுப் பக்கம் திரும்பிவிட்டபடியால் மாலிபு நூலில் இல்லை.

அந்த வண்டி இன்று சலினாஸ் நூதனசாலையிலே இருக்கிறது. நூலைத் தமிழாக்க முனைவோர் எவரேனும் உளராயின், மேற்குக் கரையோர அத்தியாயத்துக்கு அடிக்குறிப்பாக எலெயினின் பெயரையாவது சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.