மைனர் என்றால் சின்ன விஷயமா?



மைனர் என்றதும் பழைய திரைப்படங்களில் பட்டு ஜிப்பாவும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக வரும் பண்ணையார் வீட்டுப் பிள்ளைதான் பலருக்கு நினைவுக்கு வருவார். பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஒருவர் பொருளியலையோ உயிரியலையோ முதன்மைப் பாடமாகப் படிக்கிறார். அதோடு இன்னொரு துறையிலும் சில பாடங்களைப் படித்துத் தேறுகிறார். அந்தச் சிறு தொகுப்புக்குத்தான் மைனர் என்று பெயர். தமிழில் துணைப்பாடம் என்று சொல்லலாம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு மைனருக்குக் குறைந்தது 20 யூனிட் வேண்டும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 4 யூனிட். ஆக, ஐந்து பாடங்கள். ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் எந்த ஐந்து? அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஈசூனில் நான்கறை வீடு. தந்தை டாக்சி ஓட்டுகிறார். மகள் பொருளியல் இரண்டாம் ஆண்டு. கணிதத்தை மைனராக எடுத்து மூன்று பாடங்களை முடித்துவிட்டாள். மீதி இரண்டு. பாடங்களைப் பதிவு செய்ய அன்றிரவுதான் கடைசி நாள்.

"அப்பா, அனாலிசிஸ் எடுக்கலாமான்னு பாக்கிறேன். ஆனா ரொம்பக் கஷ்டம்னு சீனியர்ஸ் சொல்றாங்க."

"கஷ்டம்னா விட்டுடேம்மா. சுலபமா மார்க் வர்ற பாடம் இல்லையா?"

"இருக்குப்பா. அதை எடுத்தா ஹானர்ஸ் வகுப்பு குறையாது."

"அப்புறம் என்ன யோசனை?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் உடனே பதில் இல்லை. இது ஒரு வீட்டின் குழப்பம் மட்டுமன்று. பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பல பெற்றோரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

கணிதத் துறையின் பாடப் பட்டியல் உணவங்காடிக் கடையின் பட்டியல் போன்றது அன்று. கடையில் பிடித்த ஐந்தைக் கேட்டு வாங்கலாம். கணிதத்தில் ஒரு பாடம் இன்னொன்றின் தோளில் ஏறி நிற்கிறது. இதைப் படித்தால்தான் அதைப் படிக்கலாம் என்ற முன்நிபந்தனை பெரும்பாலான பாடங்களுக்கு உண்டு. எனவே மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பாடம் சுலபம் என்பதன்று. எந்தப் பாடம் அடுத்த கதவைத் திறக்கும் என்பதே.

அப்படிக் கதவு திறக்கும் பாடங்களில் முதலாவது லீனியர் அல்ஜீப்ரா, அதாவது நேரியல் இயற்கணிதம். எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்களை வைத்துக் கணக்குப் போடும் துறை இது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் இணையப் பக்கங்களைத் தரம்பிரிக்கக் கண்ட முறைக்கு அடித்தளம் இந்தப் பாடந்தான். கூகல் அதிலிருந்து பிறந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவும் இத்தகைய எண் கட்டங்களைப் பெருக்கிப் பெருக்கித்தான் வேலை செய்கிறது.

அடுத்து, பல மாறிகளைக் கொண்ட நுண்கணிதம். மூன்றாவது, நிகழ்தகவு. இந்த மூன்றும் இருந்தால் அஸ்திவாரம் விழுந்துவிட்டது எனலாம். அதன்மேல் என்ன கட்டுவது என்பதை முதன்மைப் பாடம் தீர்மானிக்க வேண்டும்.

உயிரியல் மாணவருக்கு வகையீட்டுச் சமன்பாடுகள் கைகொடுக்கும். நோய் பரவும் வேகத்தை இச்சமன்பாடுகளால் எழுதிக் காட்டியவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர். ஆண்டு 1927. 2020ல் கொவிட் பரவியபோது உலகெங்கும் போடப்பட்ட கணக்குகள் பலவற்றுக்கும் அதுவே மூலம். கணினி மாணவருக்கு எண் கோட்பாடு பயன்படும். இணையத்தில் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் ஆர்எஸ்ஏ முறை 1977ல் பகா எண்களிலிருந்துதான் பிறந்தது. பொருளியல் மாணவருக்கோ, மேற்படிப்பு எண்ணம் இருந்தால், அந்த ஈசூன் பெண் தயங்கிய அனாலிசிஸ்தான் வேண்டும். பொருளியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர் இப்பாடத்தைப் படித்திருக்கிறாரா என்று பல பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? 0.999 என்று எழுதி, ஒன்பதுகளை முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போனால் அது 1க்குச் சமமா, சற்றுக் குறைவா? சமந்தான். ஆனால் ஏன்? "பார்த்தாலே தெரிகிறதே" என்பது பதிலாகாது. ஐயத்துக்கு இடமின்றி ஒவ்வொரு படியாக நிறுவ வேண்டும். அனாலிசிஸ் அதைத்தான் கற்றுத் தருகிறது. பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை கண்ட பிள்ளைகள் இங்கே முதன்முறையாகத் தடுமாறுகிறார்கள்.

இந்தத் தடுமாற்றம் மேதைகளுக்கும் உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் இளவயதில் கையில் வைத்துப் படித்தது, ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல் இல்லாமலே, தொகுத்துத் தந்த ஒரு புத்தகத்தை. 1913ல் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் உலகம் வியந்த உண்மைகள் இருந்தன. பகா எண்களைப் பற்றி அவர் எழுதியதில் தவறும் இருந்தது. உள்ளுணர்வு மட்டும் போதாத இடம் அது. ராமானுஜனுக்கே நிறுவல் தேவைப்பட்டது என்றால், மற்றவர்கள் அதை வேண்டாம் என்று ஒதுக்க முடியுமா?

ஐந்தில் ஒன்றாவது நிறுவலைக் கற்றுத் தரும் பாடமாக இருக்கட்டும். இன்று கணக்கைப் போட்டுத் தர மென்பொருள் இருக்கிறது. அது தரும் விடை சரியா என்று சொல்லும் ஆள்தான் தேவை.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடினமான பாடம் மதிப்பெண் சராசரியைக் கீழே இழுக்கலாம். உபகாரச் சம்பளத்தில் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய கவலை. ஆகவே சில காரியங்களை முன்கூட்டியே செய்ய வேண்டும். கனமான பாடங்கள் இரண்டை ஒரே பருவத்தில் எடுக்கக் கூடாது. ஒரு பாடத்தை முதன்மைப் பாடக் கணக்கிலும் மைனர் கணக்கிலும் சேர்ப்பதற்கு வரம்பு உண்டு. அதை விசாரிக்க வேண்டும். பொறியியல் மாணவருக்கான நுண்கணிதமும் கணித மாணவருக்கான நுண்கணிதமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், இரண்டையும் எண்ணிக்கையில் சேர்க்கப் பல இடங்களில் விடமாட்டார்கள். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். தரப்புள்ளியைச் சராசரியில் சேர்க்காமல் விடும் வசதி மைனர் பாடத்துக்குப் பொருந்துமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள் எது என்பதையும் குறித்து வைப்பது நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகு, அந்தப் பாடம் தன் பாதைக்குத் தேவையில்லை என்று ஒரு மாணவர் விட்டுவிட்டால் அதில் தவறில்லை. பயந்து விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு.

மறுபடியும் ஈசூன் வீட்டுக்கு வருவோம். மகள் அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பாள்? அவர் தொழிலிலேயே விளக்கம் இருக்கிறது.

"அப்பா, இப்ப வழி சொல்ல ஃபோன் இருக்கு. அப்படியும் உங்களுக்கு ஏன் எல்லா ரோடும் தெரிஞ்சிருக்கு?"

"ஃபோன் சொல்ற ரோட்டுல வேலை நடந்தா என்னம்மா பண்றது? ரோடு தெரிஞ்சவன்தான் சுத்திப் போவான்."

"அனாலிசிஸும் அப்படித்தாம்பா. மார்க் கொஞ்சம் குறையலாம்."

தந்தை சற்று நேரம் பேசவில்லை. ஹானர்ஸ் என்ற சொல்லை உறவினர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். பிறகு சொல்கிறார்: "குறைஞ்சா குறையட்டும். புரியாம பாஸ் பண்றதைவிட, புரிஞ்சு கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்லை. ஆனா புரியலைன்னா போய்க் கேட்கணும், வெக்கப்படக் கூடாது."

பாடத்தின் பெயரைக்கூட அறியாத ஒரு தந்தை தரக்கூடிய மிகச் சிறந்த ஆலோசனை அதுதான். பிள்ளைகள் எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்ல வேண்டியதில்லை. "இதை ஏன் எடுக்கிறாய்?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பிள்ளை நிதானமாகப் பதில் சொல்ல முடிந்தால், ஐந்து பாடங்களும் சரியாகவே அமையும்.