பெயரைக் காக்கப் பிள்ளைகளைப் பலியிடுவதா?

 



அமெரிக்காவில் பென் ஸ்டேட் என்றொரு பல்கலைக்கழகம் உண்டு. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்நாட்டுக் கால்பந்துக்குப் பெயர் பெற்றது. அதன் மைதானத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரலாம். அங்கே நெடுங்காலம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1977இல் ஒரு தர்ம ஸ்தாபனமும் தொடங்கினார். அதை நாடிவந்த சிறுவர்களையே அவர் சீரழித்தார். 2012 ஜூன் மாதம் 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. 30 முதல் 60 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஒரு பாவியின் கதை என்று இதைக் கடந்துவிட முடியாது. 1998இலேயே ஒரு தாய் புகார் செய்தார். வழக்கின்றி விசாரணை மூடப்பட்டது. 1999இல் அவர் ஓய்வு பெற்ற பின்னரும் வளாகத்தின் கதவுகள் அவருக்குத் திறந்தே இருந்தன. 2001இல், குளியலறையில் நடந்ததைக் கண்ட இளம் உதவியாளர் ஒருவர், தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவிடம் கூறினார். அவர் அதை மேலதிகாரியிடம் தெரிவித்ததோடு நின்றுவிட்டார். அதிகாரிகளோ குழந்தைகள் நலத்துறைக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பத்தாண்டுகள் கழிந்தன! 2017இல் பல்கலைக்கழக முன்னாள் தலைவர் உள்ளிட்ட மூவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2011 நவம்பரில் பட்டர்னோ நீக்கப்பட்ட இரவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி வாகனத்தையே கவிழ்த்தனர். பயிற்சியாளருக்காக! (இரு நாட்களுக்குப்பின் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்தியும் நின்றனர், அதையும் மறைக்கலாகாது.)

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கம் 2012 ஜூலையில் தண்டனை விதித்தது. 6 கோடி டாலர் அபராதம். பருவ இறுதிப் போட்டிகளுக்கு நான்காண்டுத் தடை. வீரர்களுக்கான உதவித்தொகைக் குறைப்பு. 1998 முதல் 2011 வரை பெற்ற வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கம். "தவறு செய்தவர்கள் யாரோ, தண்டனை யாருக்கோ" என்ற குரல் உடனே எழுந்தது.

அந்தக் குரலில் நியாயம் உண்டு. ஒருவன் செய்த பாவத்திற்கு மற்றொருவனைப் பிடிப்பதை நம் மார்க்கம் ஏற்பதில்லை. 2012இல் ஆடிய இளைஞர்கள் 2001இல் பள்ளிச் சிறுவர்கள். அவர்களின் ஆட்டத்தைத் தடுத்தது முறையன்று என்பதே என் கருத்து. ஏட்டை அழித்ததில் யாருக்கு என்ன பயன்? 2014இல் தடை நீங்கிற்று. 2015இல் வெற்றிகளும் திரும்ப எழுதப்பட்டன.

ஆனால் அபராதம் வேறு. ஹனஃபி மத்ஹபில் 'கஸாமா' என்றொரு சட்டம் உண்டு. ஒரு மஹல்லாவில் கொலையுண்டவனின் உடல் கிடந்து, கொன்றவன் யாரெனத் தெரியாவிட்டால், அம்மஹல்லாவாசிகளில் ஐம்பது பேர் சத்தியம் செய்ய வேண்டும். அதன்பின் இரத்த ஈட்டுத்தொகையும் அவர்கள் மீது விழும். தம் இடத்தைக் காக்கத் தவறியது அவர்களின் குறை. உயிருக்கு உயிர் கேட்கப்படாது. பொருளில் பொறுப்பு கேட்கப்படும். பென் ஸ்டேட்டில் குற்றவாளி யாரென்பதும் தெரிந்தே இருந்தது! மௌனத்தால் காக்கப்பட்டது எதுவோ, அந்த வருமானத்திலிருந்தும் புகழிலிருந்தும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பணம் எடுக்கப்பட்டது சரியே.

உயர்குடிப் பெண்ணொருத்தி திருடியபோது, அவளுக்காகப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் முகம் கோபத்தால் மாறியது. குலப்பெருமையை முன்னிட்டு நீதியை வளைக்க வந்ததே அக்கோபத்திற்குக் காரணம்.

சகோதரர்களே! அமெரிக்காவைப் பேசிவிட்டு எளிதாக இறங்கிவிட என்னால் இயலவில்லை. நான் ஓதிய நாட்களில் ஒரு தந்தை, தம் மகனுக்கு நேர்ந்ததைக் கூற வந்தார். "மத்ரஸாவின் பெயர் கெட்டுவிடும், குறையை மறைப்பது நன்மை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். குறையை மறைப்பது தன் நஃப்ஸோடு போராடித் தவறியவனுக்கு. பிறர் பிள்ளையை வேட்டையாடுபவனுக்கு அன்று. இது எனக்கு அன்றே தெரியும். நானும் வாசலில் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. மகனின் பெட்டியைத் தோளில் சுமந்து அவர் பேருந்து நிலையம் நோக்கி நடந்தார்.

பென் ஸ்டேட் தண்டிக்கப்பட்ட அதே 2012இல் நம் நாட்டில் போக்சோ சட்டம் வந்தது. தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது அது. நம் மக்தபின் வாசலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதி வைக்குமாறு நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறேன். அதன் கீழே, ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் என் பெயரும் இருக்கும். என்மீது புகார் என்றாலும் அந்த எண்ணுக்கே பேசுங்கள்.