தேசவழமையும் வென்றவர் நீதியும்



ஒரு தேசத்தை வாள்கொண்டு வென்றவன், அங்கே முன்னமே குடியிருந்தவர்களின் காணியையும் சீதனத்தையும் கடனையும் எந்த நீதியின்படி விசாரிப்பது என்னும் பிரச்சினை நமக்குத் தூரதேசத்துச் சரித்திரமன்று. யாழ்ப்பாணத்துப் பெட்டகங்களில் கிடக்கும் பழைய உறுதிகளில் அதன் சுவடு உண்டு.

1619-இல் போர்த்துக்கேயரிடமும், 1658-இல் ஒல்லாந்தரிடமும் சிக்கிய இந்த மண்ணிலே, தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாய் வழங்கிவந்த வழக்கங்களை, நெடுங்காலம் இங்கே வாழ்ந்து நம் ஜனங்களோடு பழகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரியாகிய திசாவை, தேசாதிபதி சீமோன்ஸின் கட்டளைப்படி தேசவழமை என்னும் பெயரால் தொகுத்து, 1707-இல் முடித்துக் கொடுத்தார். தமிழில் பெயர்த்த அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் பரிசீலித்து ஒப்பினார்கள். பின்வந்த ஆங்கிலேயரும் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்குப் பூரண வலுவளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நம் பாட்டிமார் சொத்தை வகுத்துப் பேசியதை அந்நிய நீதிபதியும் ஆசனத்திலிருந்து கேட்க நேர்ந்தது இதனாலேதான். அந்த விவேகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும், காணி விற்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஒற்றியாக வைத்திருக்கும் அயலவருக்கும் சொல்லவேண்டும் என்ற நம் பழைய வழக்கத்தைக் காத்த ஒல்லாந்தர், அந்த அறிவித்தலை ஊர்த் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிரசித்தம் செய்வித்தார்கள் என்பதையும், அதே ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்தமையால், 1687-இல் இலங்கைக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் மறைந்து திரிய நேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். நிலத்துக்குக் காட்டிய நீதியை நெஞ்சுக்குக் காட்டவில்லை. கனடாவின் கியூபெக்கை வென்ற ஆங்கிலேயரோ, 1774-இல் பழைய பிரெஞ்சுக் குடியியல் நீதியோடு கத்தோலிக்க சமயத்துக்கும் இடங்கொடுத்தனர்.

இதனினும் என் மனத்தை வருத்துவது வேறொன்று. தேசவழமையிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பிரிவுண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று வகுத்து, மனிதரை மனிதர் ஆளும் உரிமையையும் அது வழமையென்றே எழுதிவைத்தது. வழமை எதுவென்று சரிபார்க்க அழைக்கப்பட்டவர்கள் முதலியார்கள். அடிமைப்பட்டவர்களை அழைத்துக் கேட்டார் யாருமில்லை. 1844-இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழியும்வரை அவர்கள் பொறுத்திருக்க நேர்ந்தது.

சட்டம் பயிலும் இளைஞர்களே, சீதனப் பிரிவைப் படிக்கும் அதே சிரத்தையோடு அந்தப் பிரிவையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள் என்று இந்தச் சபையிலே உங்களை வேண்டிக்கொள்கிறேன்.